கடைசல் இயந்திரமும் கையென்னும் அமானிதமும்



கைத்தொழிலுக்கு நம் மார்க்கம் அளித்துள்ள மதிப்பை நாம் அனைவரும் அறிவோம். நபி தாவூத் (அலை) அவர்கள் தம் கை உழைப்பிலிருந்தே உண்டார்கள் என்றும், நபி ஸகரிய்யா (அலை) அவர்கள் தச்சராக இருந்தார்கள் என்றும் ஹதீஸ்களில் படித்திருக்கிறோம். மதீனாப் பள்ளியில் அண்ணலார் (ஸல்) அவர்கள் நின்று உரையாற்றிய மிம்பரும் ஒரு தச்சரின் கைவேலையே. உழைக்கும் கையைப் பற்றி இவ்வளவு பேசும் நாம், அந்தக் கையைக் காப்பதைப் பற்றிக் குறைவாகவே பேசுகிறோம். உடலுக்கும் நம்மீது உரிமை உண்டு என்பது நபிமொழியின் கருத்து. பத்து விரல்களும் நமக்குச் சொந்தமல்ல, அவை அமானிதம்.

பட்டினப்பாக்கத்தில் கடலுக்கு அருகே இருக்கும் எங்கள் வீட்டின் கீழ்த்தள அறையில், சென்ற ஆண்டு ஒரு மரக் கடைசல் இயந்திரத்தை நிறுவினோம். வீட்டிலேயே ஒரு சிறு தொழிலைப் பிள்ளைகளுக்குக் கற்றுக்கொடுக்க விரும்பும் குடும்பங்கள் பல இருப்பதால், அதை நிறுவிய முறையையும், அதையொட்டி எங்கள் வீட்டில் எழுந்த ஒரு கேள்வியையும் இங்கே எழுதுகிறோம்.

'கடைதல்' என்ற சொல்லை முதலில் பார்க்கலாம். மோரைக் கடைகிறோம், மரத்தையும் கடைகிறோம். இரண்டுக்கும் தமிழ் ஒரே சொல்லை வைத்திருப்பது தற்செயலன்று. பழைய கடைசல் பட்டறையில் மரத்தைச் சுற்றிக் கயிற்றைப் போட்டு, மத்தை இழுப்பது போலவே முன்னும் பின்னும் இழுத்தார்கள். மரம் உளியை நோக்கிச் சுழலும்போது மட்டும் வெட்டு விழும்; திரும்பிச் சுழலும்போது உளி சற்றே விலகி நிற்கும். திருநெல்வேலி மாவட்டம் அம்பாசமுத்திரத்தின் செப்புச் சாமான்களும், கருநாடகத்துச் சன்னபட்டணத்தின் அரக்குப் பொம்மைகளும் இந்தக் கடைசல் மரபில் வந்தவை. சன்னபட்டணத்துக் கைவினைஞர்களில் முஸ்லிம் குடும்பங்கள் பல உண்டு. அங்கே சுழலும் மரத்தின்மீது அரக்குக் குச்சியை அழுத்துவார்கள். உராய்வின் சூட்டிலேயே அரக்கு உருகி மரத்தில் படியும். பின்னர்த் தாழை ஓலையால் தேய்த்து மெருகேற்றுவார்கள். கெய்ரோ நகரத்துப் பழைய வீடுகளில் காற்றும் நிழலும் தரும் மஷ்ரபிய்யா என்னும் மரச்சன்னல்களின் ஆயிரக்கணக்கான சிறு உருளைகளும், ஒரு கையில் வில்லும் மறு கையில் உளியும் பிடித்து, உளியைக் காலாலும் தாங்கியபடி கடைந்தெடுக்கப்பட்டவையே.

அந்தப் பழைய பட்டறைக்கும் இன்றைய மின் இயந்திரத்துக்கும் ஒரு பெரிய வேறுபாடு உண்டு. கயிற்றுப் பட்டறையின் வலிமை, அதை இழுக்கும் மனிதரின் புயத்து வலிமையே. ஏதேனும் சிக்கினால் இழுக்கும் கை நிற்கும், மரமும் நிற்கும். மின்மோட்டாருக்கு அந்த உணர்வு இல்லை. அது பற்றியிருப்பது பூவரசங்கட்டையா, சட்டைக் கையா என்று அதற்குத் தெரியாது.

எங்கள் வீட்டுக்கு வந்த இயந்திரம், பிள்ளைகளின் சாச்சா வேலை செய்த கடைசல் பட்டறை மூடப்பட்டபோது அவர் விலைகொடுத்து வாங்கியது. வார்ப்பிரும்பு உடலும், அரைக் குதிரைத்திறன் மோட்டாரும், நான்கு படிகள் கொண்ட கப்பியும் உடையது. சாச்சாவின் இடக்கைச் சுட்டுவிரல் பாதிதான் இருக்கிறது. இருபது ஆண்டுகளுக்கு முன், சிராய் குத்தாமல் இருக்கட்டும் என்று பருத்திக் கையுறை அணிந்து வேலை செய்திருக்கிறார். கையுறையின் ஒரு நூல் சுழலும் மரத்தில் சிக்கியது. நூலோடு கையுறை போனது. கையுறையோடு விரல் போனது. "கையக் காப்பாத்தப் போட்டதுதான் கையத் தின்னுச்சு" என்பதற்குமேல் அதைப் பற்றி அவர் பேசுவதில்லை.

இயந்திரம் வந்த மறுநாளே மூத்த மகன் கற்றுக்கொள்ள வேண்டுமென்றான். அவன் கேட்பான் என்று எதிர்பார்த்திருந்தோம். பதினாறு வயது மகளும் கேட்டாள். நன்னி உடனே மறுத்தார்கள். "ஓடுற வண்டியிலயே துப்பட்டா சிக்கி எத்தன புள்ளைக விழுந்திருக்கு! இது நின்ன இடத்துல சுத்துற சக்கரம். முக்காட்டோட அதுக்கு முன்னால நிக்க விடுவியளா?" என்று கேட்டார்கள். மகள் முக்காட்டை விட மாட்டாள். விடவும் நாங்கள் சொல்ல மாட்டோம். எங்கள் இருவருள் ஒருவர், மகனுக்கு மட்டும் கற்றுக்கொடுக்கலாம் என்று கருதினார். மற்றவர், இயந்திரம் ஆண் பெண் பார்ப்பதில்லை. மகனுடைய ஜுப்பாக் கையும் சிக்கும், மகளுடைய முக்காடும் சிக்கும். ஆகையால் விதி இருவருக்கும் ஒன்றாகவே இருக்க வேண்டும் என்றார். அன்னை ஸைனப் பின்த் ஜஹ்ஷ் (ரலி) அவர்கள் கைத்தொழில் செய்து, அதில் வந்ததைத் தர்மம் செய்தவர்கள் என்பதையும் நினைவூட்டினார். முடிவை ஒத்திவைத்தோம். முதலில் இயந்திரம் சரியாக நிற்கட்டும், பிறகு யார் அதன்முன் நிற்பது என்று பார்ப்போம் என்றார் சாச்சா.

நிறுத்துவதுதான் பாதி வேலை. நான்கு காலும் தரையில் சமமாகப் படியாத கடைசல் இயந்திரம் அதிரும். அதிரும் இயந்திரத்தில் உளி துள்ளும். எனவே இரசமட்டத்தைப் படுக்கையின் நீளவாட்டிலும் குறுக்குவாட்டிலும் வைத்துப் பார்த்து, காலடியில் தகடு கொடுத்துச் சமன் செய்து, தரையில் துளையிட்டுப் போல்ட்டால் இறுக்கினோம். கால்களுக்கு இடையே ஒரு பலகை அடித்து அதன்மீது இரண்டு மணல் மூட்டைகளை வைத்தோம். எடை கூடக்கூட அதிர்வு குறையும். மரம் சுழலும் மையக் கோடு, நிற்பவரின் முழங்கை உயரத்தில் இருக்க வேண்டும். தாழ்ந்திருந்தால் முதுகு வளையும். உயர்ந்திருந்தால் தோள் தூக்கி நிற்கும், உளியின்மீது பிடி தளரும். சாச்சாவின் உயரத்துக்கு வைத்த இயந்திரம் பிள்ளைகளுக்கு மூன்று அங்குலம் கூடுதலாக இருந்ததால், கால் தவறி இறங்காத அளவுக்கு அகலமான மரமேடை ஒன்றைச் செய்து தரையோடு பொருத்தினோம்.

கடலோரத்தில் இரும்பு நிம்மதியாக இருப்பதில்லை. பட்டினப்பாக்கத்தின் உப்புக்காற்று ஒரு வாரத்தில் படுக்கையின்மீது செம்மை பூசிவிடும். துருப்பிடித்த படுக்கையில் பின்தலை சீராக நகராது; நகராததை இழுத்துப் பிடித்து இறுக்கினால், இறுகிவிட்டது போலத் தோன்றி, வேலை நடுவே நழுவும். ஆகவே மண்ணெண்ணெய் தோய்த்த மென்மையான உப்புத்தாளால் துருவை நீக்கி, மெழுகு பூசி வைக்கிறோம். வெள்ளிதோறும் ஜும்ஆவுக்குப் புறப்படுமுன் இதைச் செய்வது மகனின் பொறுப்பு.

மின்சாரத்தில் மூன்று காரியங்களைச் செய்தோம். உலோக உடலுக்கு முறையான எர்த் இணைப்பு கொடுத்தோம். உப்பும் ஈரமும் உள்ள இடத்தில் இதைத் தள்ளிப்போடக் கூடாது. மின்கசிவு 30 மில்லி ஆம்பியரை எட்டினால் துண்டிக்கும் காப்புக் கருவியைப் பொருத்தினோம். மூன்றாவது, சுவிட்ச். சாதாரணச் சுவிட்ச் போட்டிருக்கும்போது மின்சாரம் போய்விட்டால், அணைக்க மறந்து, சக்கில் கைவைத்து மரத்தைக் கழற்றிக்கொண்டிருக்கும் நேரத்தில் மின்சாரம் திரும்பி வரலாம். இயந்திரம் தானே ஓடத் தொடங்கும். மின்தடை ஏற்பட்டால் தானே விடுபட்டு, மறுபடி பொத்தானை அழுத்தினாலன்றி ஓடாத ஸ்டார்ட்டர் கடைகளில் கிடைக்கிறது. அதன் சிவப்புப் பொத்தானை, சுழலும் மரத்தைத் தாண்டிக் கைநீட்டாமல் எட்டக்கூடிய இடத்தில் வைக்க வேண்டும்.

அடுத்து இரு முனைகளின் நேர்மை. மரத்தைச் சுழற்றும் முன்தலையின் கூர்முனையும், மரத்தைத் தாங்கும் பின்தலையின் கூர்முனையும் ஒன்றையொன்று தொடும்படி நகர்த்தி, மேலிருந்தும் பக்கத்திலிருந்தும் பார்க்க வேண்டும். இரண்டும் ஊசிமுனையோடு ஊசிமுனை வைத்தாற்போல் சந்திக்க வேண்டும். விலகியிருந்தால் மரம் ஒரு பக்கமாக இழுபடும். பிடி நாளடைவில் தளரும். ஓடும்போதே மரம் கழன்று வெளியே வரலாம். பின்தலையின் தண்டை வேண்டிய அளவுக்கு மட்டுமே வெளியே நீட்டி, மரத்தில் முனை நன்றாகப் பதிந்தபின் பூட்ட வேண்டும். சற்று நேரம் ஓடியபின் நிறுத்தி மீண்டும் இறுக்கிப் பார்க்க வேண்டும். மரம் அமுங்கி இடம் கொடுத்திருக்கும்.

உளியைத் தாங்கும் இருப்பு, அதாவது டூல் ரெஸ்ட், மரத்துக்கு மிக அருகில் இருக்க வேண்டும்: ஏறத்தாழ 3 முதல் 6 மில்லிமீட்டர் இடைவெளி. இடைவெளி பெருகினால் உளியின் நுனி தாங்கலின்றி நீண்டு நிற்கும். மரம் அதைக் கீழே அடிக்கும். கடைந்து மரம் சிறுக்கச் சிறுக்க இடைவெளி தானாகவே பெருகும் என்பதால் அடிக்கடி இருப்பை நெருக்கிவைக்க வேண்டும். அதை ஒருபோதும் ஓடும்போது செய்யக் கூடாது. நிறுத்தி, நகர்த்தி, பூட்டி, கையால் மரத்தை ஒரு முழுச் சுற்று சுற்றி, எங்கும் இடிக்கவில்லை என்று கண்டபின்தான் பொத்தானைத் தொட வேண்டும். நம் நாட்டின் 1948 ஆம் ஆண்டுத் தொழிற்சாலைச் சட்டமும், ஓடும் இயந்திரத்தின் அருகே சென்று பார்க்க வேண்டிய கட்டாயம் வந்தால் பயிற்சி பெற்றவரே, அதுவும் உடலோடு ஒட்டிய ஆடை அணிந்தே செல்ல வேண்டும் என்று 22 ஆம் பிரிவில் கூறியது. பெரிய ஆலைக்கு எழுதிய அறிவு சிறிய அறைக்கும் பொருந்தும்.

வேகத்துக்கு ஒரு கணக்கு உண்டு. மரத்தின் விட்டத்தை அங்குலத்தில் எடுத்து, நிமிடச் சுற்றுகளால் பெருக்கினால் 6000-க்கும் 9000-க்கும் இடையே வர வேண்டும். 6 அங்குலக் கிண்ணத்துக்கு 1000 முதல் 1500 சுற்று. 10 அங்குலத் தட்டுக்கு 600 முதல் 900. சீராக உருளாத கட்டைக்கு அதற்கும் கீழே, இயந்திரத்தின் மிகக் குறைந்த படியில் தொடங்க வேண்டும். இந்தக் கணக்கை மீறினால் என்ன ஆகும்? 10 அங்குலத் தட்டை 1500 சுற்றில் விட்டால் அதன் விளிம்பு மணிக்கு ஏறத்தாழ 72 கிலோமீட்டர் வேகத்தில் செல்கிறது. சாந்தோம் நெடுஞ்சாலையில் பேருந்துகூட அந்த வேகத்தில் போவதில்லை. விரிசல் உள்ள மரம் அந்த வேகத்தில் உடைந்தால் அது எறிந்த கல்லுக்குச் சமம். அதனால்தான் முகம் முழுவதையும் மறைக்கும் கண்ணாடித் தடுப்பு வேண்டும், மூக்குக்கண்ணாடி போதாது. பொத்தானை அழுத்தும்போது மரத்துக்கு நேர் எதிரே நிற்காமல் ஓரமாக நிற்க வேண்டும்.

எங்கள் மரம் பெரும்பாலும் பூவரசு. 2016 டிசம்பர் 12 அன்று வர்தா புயலில் சாய்ந்த மரங்களின் சில துண்டுகளைச் சாச்சா பரணில் போட்டுவைத்திருந்தார். நன்கு காய்ந்த மரமானாலும், ஒவ்வொரு துண்டையும் விரல்முட்டியால் தட்டிக் கேட்பார். கணீரென்றால் எடுத்துக்கொள்வார், மொத்தென்று ஒலித்தால் உள்ளே விரிசலோ உளுத்தலோ இருக்கும் என்று ஒதுக்கிவிடுவார். தெருவோர மரங்களில் விளம்பரத் தட்டிக்கு அடித்த ஆணிகள் புதைந்திருக்கும் என்பதால் காந்தத்தை வைத்தும் பார்க்கிறோம்.

இனி உடை. இது நம் குடும்பங்களுக்கென்றே தனியாகச் சொல்ல வேண்டிய பகுதி. தளர்ந்த கைகளுள்ள ஜுப்பாவோடு இயந்திரத்தின் முன் நிற்கக் கூடாது. தொழுதுவிட்டு வந்த உடையோடே 'ஒரு நிமிட வேலைதானே' என்று நிற்பது நம் பிள்ளைகளுக்கு இயல்பாக வரும். அந்த ஒரு நிமிடத்துக்குத்தான் விதி. மணிக்கட்டில் சுற்றிய தஸ்பீஹ், மோதிரம், கைக்கடிகாரம், கழுத்துச் சங்கிலி ஆகியவை அறை வாசலிலுள்ள தட்டில் இருக்க வேண்டும். நீண்ட தாடி வைத்திருப்பவர்கள் அதைச் சட்டைக்குள் அடக்கிக்கொள்ள வேண்டும். கையுறை அறவே கூடாது. மெருகேற்றத் துணியைப் பயன்படுத்தக் கூடாது. சிக்கினால் கிழிந்துவிடும் காகிதமே ஏற்றது. உப்புத்தாள் தேய்க்கும்போது உளி இருப்பைக் கழற்றி வைத்துவிட வேண்டும். விரல் இடையில் மாட்ட இடமிருக்கக் கூடாது.

முக்காட்டுக்கு விடை கண்டவர் நன்னியே. தலையோடும் கழுத்தோடும் ஒட்டி நிற்கும், தொங்கும் முனையே இல்லாத பனியன் துணி முக்காடு ஒன்றைத் தம் தையல் இயந்திரத்தில் தைத்தார்கள். அதன் கீழ்ப்பகுதி, கழுத்துவரை மூடும் தடித்த மேலங்கிக்குள் செருகப்பட்டு, பின்னால் முடிச்சின்றி ஒட்டிக்கொள்ளும் பட்டியால் அடைபடும். கைகள் மணிக்கட்டில் இறுகி நிற்கும். மகள் அதை அணிந்து நின்றபோது, சாச்சா ஒரு நூல் துண்டை எடுத்துக்கொண்டு அவளைச் சுற்றிவந்து, எங்கேனும் இழுத்தால் வரும் முனை இருக்கிறதா என்று தேடினார். இல்லை. மகனையும் அவ்வாறே சோதித்தார். அவனுடைய சட்டைப் பையிலிருந்து தொங்கிய காதொலிக் கருவியின் கம்பியைச் சுட்டிக்காட்டி, அவனை வெளியே அனுப்பினார். நன்னி சிரித்துவிட்டார்கள். எங்கள் வீட்டுக் கேள்வி அங்கேயே பெருமளவு தீர்ந்தது. நன்னி அஞ்சியது பெண் கற்பதை அன்று, தொங்கும் துணியை. அந்த அச்சம் நியாயமானது. அச்சத்துக்கு உரிய மரியாதை, அதன் காரணத்தை நீக்குவதே.

பிள்ளைகள் இருவருக்கும் முதல் இரண்டு வாரம் பொத்தானைத் தொட அனுமதி இல்லை. மரத்தைக் கையால் சுற்றிக்கொண்டே, உளியின் சரிவின் அடிப்பகுதியை முதலில் மரத்தில் படியவைத்து, பிறகு பிடியை மெல்ல உயர்த்தி, நுனி வெட்டத் தொடங்கும் இடத்தை உணரப் பழகினார்கள். நுனியை முதலில் நுழைத்தால் மரம் உளியைப் பறிக்கும். சக்கின் சாவியைக் கையிலிருந்து விடாமல், இறுக்கியவுடன் ஆணியில் மாட்டப் பழகினார்கள். சக்கிலேயே விட்ட சாவி, பொத்தானை அழுத்தியதும் பறக்கும்.

நேரத்துக்கும் விதி வைத்தோம். தொழுகைக்கு நேரம் நெருங்கும்போது புதிய வெட்டைத் தொடங்குவதில்லை. அவசரம் விரலுக்கு எதிரி. ரமளானில் அஸருக்குப் பின் இயந்திரம் ஓடாது. பசியும் சோர்வும் கூடிய நேரத்தில் கவனம் தளரும். அண்டை வீட்டாரின் உரிமையை எண்ணி, நண்பகல் ஓய்வு நேரத்திலும் இரவிலும் ஓட்டுவதில்லை. மரத்தூள் நுரையீரலுக்குக் கேடு. முகமூடி அணிகிறோம், தூளை அன்றன்றே அள்ளுகிறோம். ஆளிவிதை எண்ணெய் தோய்ந்த காகிதத்தையும் துணியையும் குவித்து வைத்தால் தானே சூடேறித் தீப்பிடிக்கக்கூடும் என்பதால், விரித்துக் காயவைத்த பிறகே குப்பையில் சேர்க்கிறோம்.

'பிஸ்மில்லாஹ் சொன்னால் போதாதா, இவ்வளவு எதற்கு?' என்று கேட்ட உறவினர் உண்டு. ஒட்டகத்தைக் கட்டிவிட்டுப் பிறகு இறைவனிடம் பொறுப்பை ஒப்படைக்கச் சொன்ன நபிமொழி நமக்கெல்லாம் தெரியும். தம் கைகளாலேயே தம்மை அழிவில் போட்டுக்கொள்ள வேண்டாமென்று குர்ஆன் எச்சரிப்பதும் தெரியும். எங்கள் பிள்ளைகள் பொத்தானில் கைவைத்துப் பிஸ்மில்லாஹ் சொல்கிறார்கள். ஆனால் அதற்குமுன் பூட்டுகளைத் தொட்டுப் பார்த்து, மரத்தைக் கையால் சுற்றி, சாவி ஆணியில் இருப்பதைக் கண்ணால் கண்டிருக்கிறார்கள். இந்தச் சோதனை தவக்குலுக்கு மாறானதன்று, தவக்குலின் முதற்பாதி.

மகள் முதலில் கடைந்தது நன்னிக்கு ஒரு மத்து. தண்டு சற்றே கோணல்தான். நன்னி அதைக் கொண்டு இப்போது மோர் கடைகிறார்கள். மகன் தொட்டில் கால்களைக் கடைந்துகொண்டிருக்கிறான். நான்கில் மூன்று முடிந்தன. வேலையில் எதையும் திருத்தமாகச் செய்வதை அல்லாஹ் விரும்புகிறான் என்பதால் மூன்றாவதை அவனே ஒதுக்கிவிட்டு மறுபடி கடைகிறான்.

வீட்டில் இத்தகைய இயந்திரத்தை வாங்க எண்ணும் பெற்றோருக்கு எங்கள் வேண்டுகோள் ஒன்றே. இயந்திரத்தின் விலையைக் கணக்கிடும்போதே எர்த் இணைப்பு, ஸ்டார்ட்டர், முகத்தடுப்பு, தரையில் இறுக்கும் போல்ட் ஆகியவற்றின் விலையையும் சேர்த்துக் கணக்கிடுங்கள். அவற்றுக்குப் பணமில்லையென்றால் இயந்திரத்துக்கும் இன்னும் பணம் சேரவில்லை என்று பொருள். காணொலியைப் பார்த்துக் கற்பதோடு நில்லாமல், பட்டறையில் கைபழகிய ஒருவரைப் பக்கத்தில் நிறுத்திக் கற்கச் செய்யுங்கள்.

உழைக்கும் கைகள் அனைத்துக்கும் அல்லாஹ் பாதுகாப்பையும் பரக்கத்தையும் தந்தருள்வானாக. ஆமீன்.